வில்ட்டின் 50, ஜோர்டனின் 35: பழைய என்பிஏ வீரர்களை வைத்து ஃபேன்டசி அணி கட்டும் கணக்கு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். 1987-88இல் மைக்கேல் ஜோர்டன் எடுத்தது 35.0. பழைய காலத்து வீரர்களைப் பொறுக்கி ஃபேன்டசி கூடைப்பந்து அணி (நிஜ வீரர்களின் ஆட்ட எண்களை வைத்து மோதும் கற்பனை அணி) கட்ட உட்காருகிறவர்கள் முதலில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 15 புள்ளி கூடுதல். அப்படியானால் வில்ட்டைத்தானே முதலில் எடுக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் ஏன் யோசிக்காமல் ஜோர்டனைத் தூக்குகிறார்கள்?

பதில் வீரர்களிடம் இல்லை, எண்களை எழுதி வைத்த விதத்தில் இருக்கிறது. எந்தக் காலத்தில் எதை எண்ணினார்கள், எவ்வளவு வேகமாக ஆடினார்கள், எது அன்று அரிதாக இருந்தது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதில் மூன்றாவதுதான் போட்டியை வெல்லவைக்கும். ஆனால் பலரும் புள்ளிச் சராசரியைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆட்டத்தின் அடிப்படை

ஃபேன்டசி என்றால் நம்மூரில் கிரிக்கெட்டும் ட்ரீம்11-உம்தான் சட்டென்று நினைவுக்கு வரும். கூடைப்பந்து ஃபேன்டசியின் கட்டமைப்பு வேறு. அதன் வேர் 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் தொடங்கிய பேஸ்பால் விளையாட்டில் இருக்கிறது. அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரை ஒட்டி அதற்கு 'ரோட்டிசரி' என்று பெயர் வந்தது. இன்று சுருக்கமாக ரோட்டோ.

ரோட்டோ முறையில் வீரருக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் கிடையாது. பிரிவு பிரிவாகப் போட்டி நடக்கும். வழக்கமான ஒன்பது பிரிவுகள் இவை: புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பது), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடுவது), மூன்று புள்ளி ஷாட் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது), ஷாட் சதவீதம் (எறிந்ததில் விழுந்த பங்கு), ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) சதவீதம், டர்ன்ஓவர். டர்ன்ஓவர் என்பது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது, அதனால் அதில் மட்டும் குறைந்த எண்ணே நல்லது. 12 பேர் ஆளுக்கு ஓர் அணி கட்டினால், ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12, கடைசி இடத்துக்கு 1. ஒன்பதையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவர் வென்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. புள்ளிப் பிரிவில் இரண்டாவது ஆளைவிட 5 புள்ளி முன்னே இருந்தாலும் 500 புள்ளி முன்னே இருந்தாலும் கிடைப்பது அதே 12தான். வில்ட்டின் 50.4 என்ற மலை உயரத்தில் பாதி வீணாகப் போவது இங்கேதான்.

நடப்பு சீசனுக்கான ஃபேன்டசியில் காயம், ஃபார்ம், பயிற்சியாளரின் மனமாற்றம் என்று ஆயிரம் யூகம் உண்டு. பழைய சீசனில் அது ஒன்றும் இல்லை. எல்லா எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மிச்சமிருக்கும் ஒரே யூகம், அடுத்தவர் யாரை எடுப்பார் என்பதுதான்.

எண்ணாமல் விட்டவை

என்பிஏ தன் புள்ளிவிவரங்களை ஒரேயடியாக எழுதத் தொடங்கவில்லை. தேதிகளைப் பாருங்கள்.

1. 1954-55: 24 விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கு முன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுத்தடிக்கலாம். 1950 நவம்பர் 22இல் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை வென்ற ஆட்டத்தின் முடிவு 19-18. அது ஆட்டத்தின் ஒரு கால் பகுதியின் கணக்கல்ல, முழு ஆட்டத்தின் கணக்கு.
2. 1973-74: ஸ்டீலும் பிளாக்கும் அதிகாரபூர்வமாக எண்ணப்பட்டன.
3. 1977-78: டர்ன்ஓவர் சேர்ந்தது.
4. 1979-80: மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்தது.

ஆக, ஒன்பது பிரிவையும் வைத்து நேர்மையாக ஆட வேண்டுமானால் 1979-80க்கு முன்னால் போக முடியாது. அதற்கு முந்தைய வீரர்களைச் சேர்த்தால் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், இரண்டு சதவீதங்கள் என ஐந்து பிரிவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதனால் மிகப் பெரிய நஷ்டம் பில் ரஸ்ஸலுக்கு. 13 சீசனில் 11 கோப்பை வென்றவர். எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடுவதையே ஒரு கலையாக்கியவர். ஆனால் அவர் 1969இல் ஓய்வு பெற்றார், பிளாக்கை எண்ணத் தொடங்கியது நான்கு ஆண்டு கழித்து. ஏட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு பிளாக்கூட இல்லை. வில்ட் 50.4 எடுத்த அதே சீசனில் மிகச் சிறந்த வீரர் விருதை ரஸ்ஸலுக்குத்தான் கொடுத்தார்கள். அன்று வாக்களித்தவர்கள் சக வீரர்கள். அவர்கள் நேரில் பார்த்ததை நமது ஒன்பது கட்டம் பார்க்காது.

சிலர் பழைய ஆட்ட வர்ணனைகளிலிருந்து பிளாக் எண்ணிக்கையை மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதிப்பீடு உள்ளே வந்துவிட்டால் போட்டி வீரர் தேர்விலிருந்து நழுவி, யாருடைய மதிப்பீடு சரி என்ற சண்டையாகிவிடும்.

வேகமும் நிமிடமும்

1961-62இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 107.7 ஷாட் எடுத்தது. 1987-88இல் அது சுமார் 88. ஓடிப்போய் எறி, தவறினால் பந்தைப் பிடித்து மறுபடி எறி என்பதுதான் அறுபதுகளின் பாணி. ஷாட் சதவீதம் 42.6தான் என்பதால் தவறிய பந்துகளும் ஏராளம், அதனால் ரீபவுண்டும் ஏராளம். 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 174 பந்தில் எடுத்த 36ஐ இன்றைய டி20 ஸ்கோருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டோம் அல்லவா, அந்த நிதானம் இங்கேயும் வேண்டும்.

வில்ட்டையும் ஜோர்டனையும் ஒரே தராசில் வைக்கும் கணக்கைப் படிப்படியாகப் போடலாம்.

1. லீக் சராசரி 1961-62இல் அணிக்கு 118.8 புள்ளி, 1987-88இல் 108.2. இந்த விகிதத்தில் சுருக்கினால் வில்ட்டின் 50.4 சுமார் 46 ஆகிறது.
2. வில்ட் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஓர் ஆட்டமே 48 நிமிடம்தான், கூடுதல் நேரம் சேர்ந்ததால் சராசரி அதையும் தாண்டியது. ஜோர்டன் ஆடியது 40.4 நிமிடம். அதே வேகத்தில் அவரும் 48.5 நிமிடம் ஆடியிருந்தால் 35 என்பது 42 ஆகியிருக்கும்.
3. முதலில் 15 புள்ளியாகத் தெரிந்த இடைவெளி இப்போது 4.

நிமிடக் கணக்கை இப்படி நீட்டுவது ஜோர்டனுக்குச் சாதகமானது என்று வில்ட் ரசிகர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஒரு சீசன் முழுக்க உட்காராமல் ஆடுவதும் ஒரு திறமை. அவர்கள் வாதத்தை ஏற்று இரண்டாவது படியை விட்டுவிட்டாலும், அந்த முன்னிலை புள்ளி என்ற ஒரு பிரிவுக்குள்தான்.

ரீபவுண்டுக்கும் இதே சுருக்கல் பொருந்தும். அணிக்கு 71 ரீபவுண்ட் கிடைத்த காலத்தில் வில்ட் எடுத்த 25.7, அணிக்கு 43 கிடைத்த 1987-88க்கு வந்தால் 15.6 ஆகிறது. அந்த சீசனில் முதலிடம் பிடித்த மைக்கேல் கேஜின் சராசரி 13.03. (இரண்டாமிடத்து சார்ல்ஸ் ஓக்லிக்கு 13.00. கடைசி நாளில் கேஜ் 30 ரீபவுண்ட் பிடித்துத்தான் அவரை முந்தினார்.) சுருக்கிய பிறகும் வில்ட் எல்லாரையும்விட மேலே. அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அசிஸ்டில் மட்டும் கணக்கு தலைகீழ். அறுபதுகளில் அசிஸ்ட் எழுதுகிறவர்கள் கை இறுக்கம். விழுந்த ஷாட்டுகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அசிஸ்ட் எழுதப்பட்டது, 1987-88இல் அது பத்தில் ஆறு பங்கு என்ற அளவுக்கு ஏறிவிட்டது. அதனால் 1961-62இல் 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்த ஆஸ்கர் ராபர்ட்சனின் ரீபவுண்டைச் சுருக்குங்கள், அசிஸ்டில் அதே அளவு கைவைக்காதீர்கள்.

சதவீதத்தில் இருக்கும் பொறி

1987-88இல் ஃப்ரீ த்ரோ சதவீதத்தில் லீக்கிலேயே முதலிடம் யாருக்கு? ஜாக் சிக்மா, 92.2. மில்வாக்கி அணியின் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர்). உயரமான சென்டர்கள் ஃப்ரீ த்ரோவில் திணறுவது வழக்கம், அவரோ பந்தை நகர்த்தி ஆடும் குட்டையான வீரர்களான கார்டுகளையெல்லாம் ஓரம் கட்டினார். ஜோர்டனின் சதவீதம் 84.1. இந்தப் பிரிவுக்கு யார் அதிக மதிப்பு?

சதவீதத்தை மட்டும் பார்த்தால் சிக்மா. ஆனால் அணியின் சதவீதம் என்பது எல்லா வீரர்களின் ஷாட்டையும் சேர்த்து வகுப்பது. அதிகம் எறிகிறவர் அதிகம் இழுப்பார். எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: அதே எண்ணிக்கை ஃப்ரீ த்ரோவை ஒரு சராசரி ஆள் (அந்த சீசனில் 76.6 சதவீதம்) எறிந்திருந்தால் எத்தனை விழுந்திருக்கும், இவர் அதற்கு மேல் எத்தனை போட்டார்?

1. சிக்மா: 348க்கு 321. சராசரி ஆளுக்கு 267. உபரி 54.
2. ஜோர்டன்: 860க்கு 723. சராசரி ஆளுக்கு 659. உபரி 64.
3. லாரி பேர்ட்: 453க்கு 415. சராசரி ஆளுக்கு 347. உபரி 68.
4. சார்ல்ஸ் பார்க்லி: 951க்கு 714. சராசரி ஆளுக்கு 728. பற்றாக்குறை 14.

84 சதவீதக்காரர் 92 சதவீதக்காரரை முந்துகிறார். பார்க்லியின் 75.1 பார்க்க அவ்வளவு மோசமில்லை, ஆனால் 951 முறை கோட்டில் நின்றதால் அந்தச் சின்னக் குறை பெருகிவிட்டது.

இதே கணக்கை வில்ட்டுக்குப் போட்டால் தலை சுற்றும். 1961-62இல் அவர் எறிந்தது 1,363, போட்டது 835. அன்றைய லீக் சராசரி 72.7 சதவீதம் என்பதால் ஒரு சராசரி ஆள் 991 போட்டிருப்பார். பற்றாக்குறை 156. சிக்மா போல இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்தாலும் அடைக்க முடியாத ஓட்டை. வேடிக்கை என்னவென்றால், 1962 மார்ச் 2இல் ஹெர்ஷி நகரில் அவர் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் மட்டும் 32க்கு 28 போட்டார்.

வில்ட்டை எடுத்தால் ஃப்ரீ த்ரோ பிரிவைக் கைகழுவிவிட வேண்டும் என்று அர்த்தம். ஒன்பது பிரிவில் ஒன்றை விட்டுக்கொடுப்பது சாதாரண உத்தி. ஆனால் வில்ட் இருக்கும் போட்டியில் பிரிவுகளே ஐந்துதான். ஐந்தில் ஒன்றை முதல் தேர்விலேயே இழப்பது கனமான விலை.

அன்று எது அரிது?

இனி 1987-88ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது பிரிவும் எண்ணப்பட்ட சீசன், 23 அணி, பேர்ட், மேஜிக் ஜான்சன், ஜோர்டன், ஒலாஜுவான் எல்லாரும் ஒரே நேரத்தில் களத்தில்.

அந்த சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்கு 5 முறைதான் மூன்று புள்ளி ஷாட் முயன்றது. 2023-24இல் அது 35. கோடு வரைந்து எட்டு வருடம் ஆகியும் பயிற்சியாளர்கள் அதை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தும் வித்தையாகத்தான் பார்த்தார்கள். ஒரு சராசரி அணி சீசன் முழுக்கச் சேர்த்துப் போட்டது 130 வாக்கில். பாஸ்டனின் டேனி ஏஞ்ச் தனியாளாக 148 போட்டார், அப்போதைக்கு அது சாதனை. இந்தியானாவில் அறிமுகமான ரெஜி மில்லர் போட்ட 61, அறிமுக சீசனுக்கான அன்றைய சாதனை. இன்று பெஞ்சில் இருக்கும் ஒருவர் அந்த எண்ணை எட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதன் விளைவை யோசியுங்கள். இன்றைய சீசனை வைத்து ஆடினால் எல்லார் அணியிலும் மூன்று புள்ளிக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், ஒருவரால் அந்தப் பிரிவைத் தூக்க முடியாது. 1987-88இல் ஏஞ்ச் ஒருவரே போதும், ஒரு பிரிவின் மேல்வரிசைக்கு உங்களைக் கொண்டுபோய்விடுவார். கூடவே 98 போட்ட பேர்டும் அமைந்துவிட்டால் அந்தப் பிரிவை மறந்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். ஏஞ்சால் வேறு எங்கும் அடி விழாது என்பதும் முக்கியம்: 15.7 புள்ளி, 6.2 அசிஸ்ட்.

புள்ளி அதற்கு நேர் எதிர். டாமினிக் வில்கின்ஸ் 30.7, பேர்ட் 29.9, பார்க்லி 28.3, கார்ல் மலோன் 27.7, கிளைட் டிரெக்ஸ்லர் 27.0. தாராளமாகக் கிடைக்கும் சரக்குக்கு முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிப்பவர் தோற்கத் தயாராகிறார். புள்ளியை மட்டும் நம்பி வில்கின்ஸை முதல் ஐந்தில் எடுப்பதுதான் நான் பார்த்தவரை அடிக்கடி நடக்கும் பிழை.

பிளாக்கில் விஷயம் கொஞ்சம் சிக்கல். யூட்டாவின் மார்க் ஈட்டன் 304 பிளாக்கோடு முதலிடம். ஆனால் புள்ளி 7.0. அவரை எடுத்தால் ஒரு பிரிவு நிரம்பும், மூன்று பிரிவு காலியாகும். ஹக்கீம் ஒலாஜுவான் பிளாக்கில் 2.7 என்று கொஞ்சம் பின்தங்கினாலும் 22.8 புள்ளி, 12.1 ரீபவுண்ட், அதோடு 2.1 ஸ்டீல் தருகிறார். சென்டர் இடத்திலிருந்து இரண்டு ஸ்டீல் என்பது அந்தக் காலத்தில் வேறெங்கும் கிடைக்காத சரக்கு. அடுத்த சீசனில் அவர் 200 பிளாக், 200 ஸ்டீல் இரண்டையும் தாண்டினார். அதைச் செய்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஜோர்டன் ஏன் விவாதமில்லாத முதல் தேர்வு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். புள்ளியில் முதலிடம், 259 ஸ்டீல், ஃப்ரீ த்ரோவில் 64 உபரி, ஷாட் சதவீதம் 53.5. கார்டாக ஆடியும் 131 பிளாக், அது பல சென்டர்களுக்கே கிடைக்காத எண். அவர் கைவிடும் பிரிவு மூன்று புள்ளி ஒன்றுதான். சீசன் முழுக்க 7. அதை ஏஞ்ச் பார்த்துக்கொள்வார்.

ஆறாவது இடத்திலிருந்து ஓர் அணி

12 பேர், பாம்பு வரிசை டிராஃப்ட், அதாவது முறைவைத்து வீரர்களை எடுப்பது (முதல் சுற்று 1 முதல் 12, அடுத்த சுற்று 12இலிருந்து திரும்பி 1). உங்கள் முறை ஆறாவது. அப்படியானால் உங்களுக்கு வருவது 6, 19, 30, 43ஆம் தேர்வுகள். ஜோர்டன், பேர்ட், மேஜிக் நிச்சயம் போயிருப்பார்கள். புள்ளி மோகத்தில் வில்கின்ஸும் பார்க்லியும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

1. 6ஆம் தேர்வு: ஒலாஜுவான். 13.8 அசிஸ்ட், 242 ஸ்டீல் எடுத்த ஜான் ஸ்டாக்டனும் இந்த நேரத்தில் இருப்பார், அவரை எடுத்தாலும் தப்பில்லை. ஆனால் அசிஸ்ட் பின்னாலும் கிடைக்கும். ஹக்கீம் மாதிரிச் சரக்கு கிடைக்காது.
2. 19ஆம் தேர்வு: டென்வரின் ஃபேட் லீவர். 18.9 புள்ளி, 8.1 ரீபவுண்ட், 7.8 அசிஸ்ட், 2.7 ஸ்டீல். ஆறடி மூன்று அங்குல கார்ட் ஒருவர் எட்டு ரீபவுண்ட் எடுக்கிறார். பெயர் பெரிதாகத் தெரியாததால் 30ஆம் தேர்வு வரைகூட இருப்பார், ஆனால் பந்தயம் கட்டாதீர்கள்.
3. 30ஆம் தேர்வு: ஏஞ்ச்.
4. 43ஆம் தேர்வு: சிக்மா. ஒலாஜுவான் ஃப்ரீ த்ரோவில் 548க்கு 381தான் போட்டார், பற்றாக்குறை 39. சிக்மாவின் உபரி 54. ஓட்டை அடைந்து 15 மிச்சம். கூடவே 16.5 புள்ளியும் 8.6 ரீபவுண்டும் வருகின்றன.

நான்கு தேர்வில் எந்தப் பிரிவும் அடிமட்டத்தில் இல்லை. புள்ளியில் கொஞ்சம் இளைத்திருக்கும், அதை மீதிச் சுற்றுகளில் மலிவாக வாங்கலாம்.

மற்றவர்கள் பெயருக்கு ஏமாறும் இடங்களையும் கவனித்து வையுங்கள். கரீம் அப்துல்-ஜப்பார் அந்த சீசனில் 40 வயதில் ஆடினார்: 14.6 புள்ளி, 6.0 ரீபவுண்ட். கரீம் என்ற பெயர் இருபது இடம் முன்னாலேயே அவரை இழுத்துவிடும். இழுக்கிறவர் இழுக்கட்டும். ஜூலியஸ் எர்விங்கைத் தேடினால் கிடைக்க மாட்டார், அவர் 1987இலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

ஒரே சீசனாக இல்லாமல் பல காலத்து வீரர்களைக் கலந்து ஆடும்போது சண்டை வருவது பெரும்பாலும் கீழ்க்கண்ட மூன்றில்தான்.

1. ஏபிஏ எண்கள் சேருமா? 1976இல் என்பிஏவோடு இணைவதற்கு முன் அது தனி லீக், 1967இலிருந்தே அதற்கு மூன்று புள்ளிக் கோடு உண்டு. எர்விங்கின் என்பிஏ புள்ளி 18,364. ஏபிஏவையும் சேர்த்தால் 30,026. இரண்டும் இரண்டு வேறு வீரர்கள்.

2. 'இருந்திருந்தால்' கணக்குக்கு இடமுண்டா? பீட் மாராவிச் தூரத்திலிருந்து எறிவதில் பெயர் பெற்றவர், அவர் காலத்தின் பெரும்பகுதியில் கோடே இல்லை. கடைசி சீசனான 1979-80இல் 15க்கு 10 மூன்று புள்ளி ஷாட் போட்டார். அதைக் காட்டி அவருக்கு வருடம் 200 கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. 15 ஷாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, விட்டுவிடுவதே நல்லது.

3. சராசரியா, மொத்தமா? 1961-62இல் எல்ஜின் பேலரின் சராசரி 38.3 புள்ளி, வில்ட்டுக்கு அடுத்த இடம். ஆனால் ராணுவப் பணியில் இருந்ததால் விடுப்பு கிடைத்தபோதெல்லாம் வந்து ஆடியது 80க்கு 48 ஆட்டம்தான். சராசரிப் போட்டியில் அவர் முதல் வரிசை, மொத்தப் போட்டியில் நடுவரிசை. 1987-88இல் கெவின் மெக்ஹேலுக்கும் அதே நிலை: 60.4 ஷாட் சதவீதம், 22.6 புள்ளி, ஆனால் பாதக் காயத்தால் 64 ஆட்டம். சராசரி என்றால் மேலே சொன்ன 19ஆம் தேர்வில் லீவருக்குப் பதில் அவரை யோசிக்கலாம், மொத்தம் என்றால் 43 வரை காத்திருக்கலாம். 1998-99 சீசன் அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் 50 ஆட்டமாகச் சுருங்கியது, அந்த வருடத்து வீரர்களை மொத்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது.